தெரிந்து நான் என்ன செய்ய?

தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிக்குள் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூடேறினால் தட்டம்மைத் தடுப்பூசி வீரியம் இழக்கும். உறைந்துபோனால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி கெட்டுவிடும். இந்த எல்லை தாண்டியதும் அலாரம் அடித்து, குறுஞ்செய்தியும் அனுப்பும் ஒரு சின்ன சென்சாரைச் சில வருடங்களுக்கு முன் சோதித்துக்கொண்டிருந்தோம். அது வைக்கப்பட்ட சுகாதார நிலையங்களுக்குப் போய், நடப்பதைப் பார்த்து எழுதுவது என் வேலை.

முதல் இரண்டு மாதம் நன்றாகவே போனது. மூன்றாவது மாதம் ஒரு நிலையத்திலிருந்து தகவலே இல்லை. சிக்னல் கோளாறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். பேட்டரி கழற்றப்பட்டு, மேசை இழுப்பறைக்குள் கிடந்தது சென்சார்.

அங்கே இருந்தது ஒரே ஒரு செவிலியர். ஏன் என்று கேட்டதும் மறைக்காமல் சொன்னார். மின்சாரம் போகிற இரவுகளில் அது விடியும்வரை கத்துகிறது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, எழுதிக் கேட்டால் வந்து சேர இரண்டு வாரம் ஆகும். பக்கத்து அறையில் பிரசவித்த பெண்ணும் குழந்தையும் தூங்க முடியவில்லை. “பெட்டி சூடாவது எனக்கே தெரியும். தெரிந்து நான் என்ன செய்ய?”

எங்கள் படிவத்தில் 40 கேள்விகள் இருந்தன. சரியாக அளக்கிறதா, செய்தி போய்ச் சேர்கிறதா, பேட்டரி எத்தனை நாள் தாங்குகிறது என்றெல்லாம். அலாரம் அடித்த பிறகு யார், எதை வைத்துக்கொண்டு, என்ன செய்வார் என்ற கேள்வி மட்டும் இல்லை. தப்பு அவர் மேல் இல்லை, எங்கள் மேல்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு இந்தத் துறையில் எந்த அறிக்கை கையில் வந்தாலும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் தேடுகிறேன். தாய்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். நீரிழிவால் விழித்திரை கெடுவதைப் படத்திலேயே கண்டுபிடிக்கும் கூகுளின் செயற்கை நுண்ணறிவு, ஆய்வகத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் துல்லியம் காட்டியது. அதை 11 கிளினிக்குகளில் செவிலியர்கள் பயன்படுத்தியதைக் கூடவே இருந்து கவனித்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், தரம் போதாது என்று அந்த அமைப்பே தள்ளிவிட்டது. நல்ல படத்துக்கு அறை இருட்டாக இருக்க வேண்டும், பல கிளினிக்குகளில் அது நடக்கிற காரியமில்லை. படம் தள்ளப்பட்டவர் கண் நிபுணரைத் தேடி வேறு ஊருக்குப் போக வேண்டும், ஒரு நாள் வேலை போகும். அந்த ஆய்வாளர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. தங்கள் நிறுவனத்தின் கருவி எங்கே தடுமாறியது என்பதை எல்லோரும் படிக்கும்படி எழுதிவைத்தார்களே.

ஒரு திட்டம் தொடங்கும்போது போட்டோ எடுக்க நிறையப் பேர் வருகிறார்கள். மூன்றாம் வருடம் யாரும் வருவதில்லை. 2012இல் உகாண்டாவின் சுகாதார அமைச்சகம், போன், கணினி வழியாகச் சுகாதாரச் சேவை தரும் புதிய சோதனைத் திட்டங்களையெல்லாம் நிறுத்திவைத்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத திட்டங்கள் அந்த அளவுக்குக் குவிந்திருந்தன. அமைச்சகம் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

சரியாக நடந்ததும் உண்டு. ருவாண்டாவில் 2016 அக்டோபரில் ட்ரோன்கள் மருத்துவமனைகளுக்கு ரத்தம் கொண்டுபோகத் தொடங்கின. ட்ரோன் பறக்கிறதா என்பதோடு யாரும் நின்றுவிடவில்லை. ரத்தம் சாலை வழியைவிட எவ்வளவு சீக்கிரம் சேர்கிறது, எத்தனை பை காலாவதியாகி வீணாகிறது என்று எண்ணினார்கள். வீணாவது மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததாக 2022இல் ஆய்வு வெளியானது. ரத்தத்துக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு வேண்டிய கணக்கு அதுதான்.

அப்புறம், எங்கள் சென்சார். இரவுச் சத்தத்தை எடுத்துவிட்டோம். குறுஞ்செய்தி, டீசலுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரியின் போனுக்கே நேராகப் போகும்படி மாற்றினோம். மறுபடி போனபோது பேட்டரி உள்ளே இருந்தது. டீசல் இப்போது நான்கு நாளில் வந்துவிடுகிறதாம். தடுப்பூசிக்கு நான்கு நாளும் அதிகம். ஐஸ் பேக் அடுக்கினால் பெட்டி எத்தனை மணி நேரம் 8 டிகிரியைத் தாண்டாமல் இருக்கிறது என்று அந்தச் செவிலியர் ஒரு நோட்டில் குறித்துவருகிறார். அடுத்த படிவத்தை அந்த நோட்டை வைத்துத்தான் தயாரிக்கிறோம்.