பட்டினி கிடக்கும் செல்லுக்குள் கொழுப்பு ஏன் சேர்கிறது?

ஒரு செல்லைப் பட்டினி போட்டால் அதற்குள் இருக்கும் கொழுப்பு கரைந்து குறையும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நடப்பது வேறு. ஆய்வகத்தில் வளரும் செல்களை அமினோ அமிலம் இல்லாத திரவத்துக்கு மாற்றி, சில மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், பல வகைச் செல்களில் கொழுப்புத் துளிகள் முன்பைவிடக் கூடியிருக்கும். வெளியிலிருந்து கொழுப்பே வராத நேரத்தில் இது எங்கிருந்து வந்தது?

தன் சொந்தச் சவ்வுகளிலிருந்து. சாப்பாடு நின்றதும் செல் தன்னுடைய உறுப்புகளையே உடைத்துத் தின்ன ஆரம்பிக்கிறது. ஆட்டோபேஜி என்று நாம் கேள்விப்பட்டிருக்கும் சங்கதிதான், யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்குள் சவ்வுகள் உடையும்போது கொழுப்பு அமிலங்கள் வெளியே வருகின்றன. நல்ல எரிபொருள்: 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமில மூலக்கூறு ஒன்று செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் முழுசாக எரிந்தால், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி சுமார் 106 கிடைக்கும். சரி, அப்படியே நேராக மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்விடலாமே, நடுவில் துளி எதற்கு?

இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கட்டில்லாமல் திரியும் கொழுப்பு அமிலம் சோப்பு போல நடந்துகொள்ளும், சவ்வுகளைக் குலைக்கும். அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய கார்னிட்டைன் என்ற சிறு மூலக்கூறோடு சேர்ந்து அசைல்கார்னிட்டைனாக வேண்டும். எரிக்க முடிவதைவிட அதிகமாக வந்து குவிந்தால் அந்த அசைல்கார்னிட்டைனே மைட்டோகாண்ட்ரியாவைப் பாழாக்கிவிடும். அதனால் எண்டோபிளாச வலை என்ற சவ்வுப் பின்னலில் இருக்கும் டிகாட்-1 என்ற நொதி, வரும் கொழுப்பு அமிலங்களைக் கிளிசராலோடு கோத்து டிரைகிளிசரைடாக்கித் துளிக்குள் பத்திரப்படுத்துகிறது. 2017இல் வந்த ஓர் ஆய்வில் பட்டினியில் இருந்த செல்களில் இந்த நொதியை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். துளிகள் உருவாகவில்லை, அசைல்கார்னிட்டைன் ஏறியது, ஏடிபி தயாரிக்கத் தேவையான மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு மின்னழுத்தம் விழுந்துவிட்டது. அதாவது எரிபொருள் கையில் இருந்தும், அதை வைக்க இடம் இல்லாததால் அடுப்பே கெட்டது! துளியை வெறும் சேமிப்புக் கிடங்கு என்று சொல்லும் பாடப்புத்தக வரிகளைப் படிக்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை, அது காவலும் காக்கிறது என்று யாராவது கூடவே எழுதியிருக்கலாம்.

அப்புறம் விநியோகம். பட்டினிச் செல்லில் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றோடொன்று இணைந்து நீண்ட வலையாகின்றன. எலியின் நார்ச்செல்களில் ஒளிரும் கொழுப்பு அமிலத்தைப் பின்தொடர்ந்த 2015 ஆய்வு ஒன்றில், அது துளியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி இந்த வலை முழுக்கச் சீராகப் பரவியது தெரிந்தது. மைட்டோகாண்ட்ரியாக்கள் இணைய முடியாத செல்களில் சிலவற்றுக்கு நிறையப் போய்ச் சேர, மற்றவை வெறுமனே கிடந்தன. எரியாத கொழுப்பு துளிக்குத் திரும்பியது, செல்லை விட்டே வெளியேறவும் செய்தது.

துளியும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒட்டிக்கொண்டு நிற்கும் படங்களைப் பார்த்ததுமே 'கொழுப்பு எரிகிறது' என்று முடிவுகட்டுவது அவசரம் என்பது என் கருத்து. பெரிலிபின்-5 என்ற புரதம் இரண்டையும் பிணைக்கிறது, உண்மை. ஆனால் பழுப்புக் கொழுப்புச் செல்களில் துளியோடு ஒட்டியிருந்த மைட்டோகாண்ட்ரியாக்களைத் தனியே பிரித்து 2018இல் சோதித்தபோது, அவை மற்றவற்றைவிடக் குறைவாகத்தான் கொழுப்பை எரித்தன. துளியை வளர்க்கத் தேவையான ஆற்றலைக் கொடுப்பதே அவற்றின் வேலையாக இருந்தது. ஒட்டி நிற்பது கொடுக்கவும் இருக்கலாம், வாங்கவும் இருக்கலாம்.

சேதம் செல்லின் எல்லையையே தாண்டிப் போகும் கதை மூளையில் இருக்கிறது. நரம்புச் செல்களான நியூரான்கள் துளிகளை அதிகம் சேர்ப்பதில்லை, கொழுப்பை எரிப்பதிலும் கெட்டிக்காரர்கள் அல்ல. பழ ஈக்களின் நியூரான்களில் மைட்டோகாண்ட்ரியா பழுதானபோது கொழுப்புத் துளிகள் பக்கத்திலிருந்து நியூரான்களுக்குத் துணைநிற்கும் கிளியா செல்களில் தோன்றின, அதுவும் நியூரான்கள் சிதையும் முன்பே (இது 2015). பாலூட்டிகளின் செல்களிலும் இதே போக்கு 2019இல் தெரிய வந்தது: அளவு மீறித் தூண்டப்பட்ட நியூரான்கள், ஆக்சிஜனேற்றத்தால் நச்சாகிப்போன கொழுப்பு அமிலங்களை கொழுப்பைச் சுமக்கும் புரதமான அப்போ-ஈ கொண்ட துகள்களில் ஏற்றி வெளியே அனுப்ப, கிளியாவில் ஒரு வகையான ஆஸ்ட்ரோசைட்டுகள் அவற்றை வாங்கித் துளிகளில் அடைத்துத் தம்முடைய மைட்டோகாண்ட்ரியாவில் எரித்தன. தன்னால் தாங்க முடியாததைப் பக்கத்துச் செல்லிடம் கொடுக்கிறது நியூரான், அதுவும் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறது. இதைப் படித்த அன்று வேறு எதையும் படிக்கத் தோன்றவில்லை.

அலாய்ஸ் அல்சைமர் 1907இலேயே தன் நோயாளியின் மூளையில் கிளியா செல்களுக்குள் கொழுப்பு இருந்ததைக் குறித்து வைத்திருந்தார். பிளாக்குகள் எனும் புரதப் படிவுகளும் புரத முடிச்சுகளும் பேசப்பட்ட அளவுக்கு இந்தக் கொழுப்பை யாரும் பேசவில்லை. அல்சைமர் நோய்க்கான முக்கிய மரபணு அபாயமான அப்போ-ஈ4 வகை, கிளியாவில் துளிகள் உருவாவதற்கு இப்படிக் கைகொடுப்பதில்லை என்று ஈக்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதே அப்போ-ஈ4 உள்ள அல்சைமர் நோயாளிகளின் மைக்ரோகிளியாவில், அதாவது மூளையின் நோய் எதிர்ப்புச் செல்களில், துளிகள் நிரம்பிக் கிடக்கின்றன. அப்படி நிரம்பிய மைக்ரோகிளியா சுரப்பவை நியூரான்களைக் கொல்கின்றன என்றது 2024 ஆய்வு. ஒரு செல்லில் அடைக்கலமாக இருக்கும் துளி இன்னொரு செல்லில் எப்போது கேடாகிறது, அந்தச் செல்லின் மைட்டோகாண்ட்ரியா அந்த நேரத்தில் என்ன நிலையில் இருக்கிறது என்பதைத்தான் இப்போது தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.