லீவர் துவக்கும் ரவை இறக்கும் நேரமும்

மருமகன் கனடியத் துவக்குப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறி, உரிமத்துக்கும் விண்ணப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தான். முதல் துவக்கே லீவர் ஆக்‌ஷன்தான் என்று முடிவெடுத்துவிட்டான். அடியில் உள்ள வளையப்பிடியை, அதுதான் லீவர், கீழே தள்ளித் திரும்ப மூடினால் அடுத்த ரவை ஏறுகிற துவக்கு அது. என்னுடைய லீவர் துவக்கான வின்செஸ்டர் 94ஐ எடுத்து, வெறுமையாக இருப்பதைக் காட்டிக் கையில் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இதில சேஃப்டி எங்க இருக்கு?" என்றான்.

தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டைத்தான் கேட்டான். கேட்கவேண்டிய கேள்வி. என்னுடையது எழுபதுகளில் செய்தது. அமுக்குவதற்கோ தள்ளுவதற்கோ அதில் ஒரு பொத்தானும் கிடையாது. ஜோன் பிரவுணிங் வடிவமைத்து 1894இல் வெளிவந்ததிலிருந்து கிட்டத்தட்ட நூறு வருடம் இந்த மாதிரி அப்படியேதான் விற்றது. குறுக்காகத் தள்ளும் பொத்தானைக் கம்பெனி 1992இல்தான் வைத்தது. அதற்கு முந்தியவற்றில் இருப்பது இரண்டு விஷயம். லீவரைப் பிடியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தால் ஒழிய, சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசை அசையாது. அடுத்தது, அடித்து ரவையை வெடிக்கவைக்கும், வெளியே தெரியும் சுத்தியலின் அரைநிலை. ஹாஃப் கொக் என்பார்கள். சுத்தியலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் ஆழமான ஒரு வெட்டில் போய்ப் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் விசையை இழுத்தாலும் விழக்கூடாது.

இவை இரண்டும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமென்றால், துவக்கு வைத்திருப்பவருடைய கை ஒழுங்காக இருக்க வேண்டும். மருமகனுக்கு அன்று சொன்னதையும் சொல்ல நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். எங்கள் ஆட்களில் வேட்டைக்குப் போகிறவர்கள் கூடிவருகிறார்கள். இதைத் தமிழில் விளக்கமாக யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

பெரும்பாலான லீவர் துவக்குகள் மற்றத் துவக்குகளிலிருந்து வேறுபடுவது ரவைக்குழாயில். குழலுக்குக் கீழே, அதோடு சேர்ந்தாற்போல ஓடுகிற அந்த மெல்லிய குழாய்க்குள் ரவைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒரு ரவையின் சன்னம், அதாவது பறந்துபோகும் முனை, அதற்கு முன்னால் கிடக்கும் ரவையின் பிரைமரில், அதாவது அடிபட்டால் வெடிக்கும் அடிப்பொட்டில் முட்டிக்கொண்டிருக்கும். சன்னம் கூர்மையாக இருந்தால், சுடும்போது ஏற்படும் உதைப்பில் அந்தக் கூர் பிரைமரைக் குத்திக் குழாய்க்குள்ளேயே வெடிக்க வைக்கலாம். துவக்கின் முன்பகுதியைத் தாங்கிப் பிடிக்கும் கை அந்தக் குழாயை ஒட்டித்தான் இருக்கிறது. இதனால்தான் இந்தத் துவக்குகளுக்கான தேர்ட்டி-தேர்ட்டி என்ற வகை ரவைகள் மொட்டை மூக்கோடு அல்லது உருண்டை மூக்கோடு வருகின்றன. கூராகத் தெரிந்தாலும் பாதுகாப்பானது ஒன்று உண்டு, ஹோர்ணடி செய்கிற லெவரெவலூஷன். அதன் நுனி அமுங்கிக்கொடுக்கும் மென்மையான பொலிமர். ஆனால் வீட்டில் ரவை செய்கிற நண்பர் கொடுத்தார், மலிவாகக் கிடைத்தது என்று வேறு கூர்ச் சன்னம் எதையும் குழாய்க்குள் விடவே கூடாது. சில லீவர் துவக்குகளில் மகசீன், அதாவது ரவை அடுக்கும் இடம், குழாயாக இருக்காது: சவேஜ் 99இல் சுழலும் மகசீன், பிரவுணிங் பி.எல்.ஆரில் கழற்றும் பெட்டி. அவற்றில் கூர்ச் சன்னம் பாவிக்கலாம். "லீவர் துவக்கு" என்ற பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், உங்கள் துவக்கில் மகசீன் எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள்.

குழாயில் இன்னொரு சங்கதி. பக்கவாட்டு வாசலால் ரவைகளைத் தள்ளி நிரப்பினால், லீவரை அசைக்கும்வரை அறைக்குள், அதாவது ரவை வெடிக்கும் இடத்துக்குள், ஒன்றும் போகாது. காட்டுக்குள் நடக்கும்போது நான் அறையை வெறுமையாகத்தான் வைத்திருப்பேன். வெளியே நிற்கும் சுத்தியலில் கொப்பு கொளுவும், தோள்வார் மாட்டும். கால் வழுக்கினால் எதுவும் நடக்கலாம். மானுக்குக் காத்திருக்கும் இடத்தில் போய் இருந்து, முன்னால் எது தெரிகிறது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் லீவரை அசைப்பது. அந்த ஒரு அசைவுக்கு ஒரு விநாடிகூட ஆகாது. அந்த விநாடியால் மான் தப்பிப்போனால் போகட்டும்.

அசைத்ததும் சுத்தியல் முழுதாகப் பின்னுக்குப் போய் நிற்கும். மான் இன்னும் வரவில்லை. இப்போது அதை அரைநிலைக்கு இறக்க வேண்டும், அதற்கு விசையை இழுக்க வேண்டும். உயிருள்ள ரவை அறைக்குள் இருக்கும்போது வேண்டுமென்றே விசையை இழுக்கிற வேலை இது. கையுறையைக் கழற்றிவிடுவேன். குழல்வாய் முன்னால் உள்ள மண்ணைப் பார்த்தபடி இருக்கும். இடது கைப் பெருவிரலைச் சுத்தியலுக்கும், அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டுக்கும் இடையில் வைப்பேன், வழுக்கினால் விரல்தான் அடிபடும். வலது பெருவிரலால் சுத்தியலை அழுத்திப் பிடித்துக்கொண்டு விசையை இழுத்து, சுத்தியல் அசையத் தொடங்கியதுமே சுட்டுவிரலை எடுத்துவிட வேண்டும். பிறகு இடது விரலை விலக்கி, மெல்ல மெல்ல விட்டால், 'டிக்' என்று அரைநிலையில் போய் இருக்கும். சிலர் சுத்தியலை முழுதாகக் கீழே விட்டுவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். பழைய 94களில் அப்படி விட்டால் சுத்தியல் பிரைமரைக் குத்தும் ஊசியிலும், ஊசி பிரைமரிலும் முட்டிக்கொண்டு நிற்கும். துவக்கு கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும்.

இதை உயிருள்ள ரவையோடு முதல் தடவை செய்து பார்க்கக் கூடாது. மருந்தில்லாத டம்மி ரவையோடு விரலுக்குத் தானாக வரும்வரை பழக வேண்டும்.

மருமகன் விரும்புவது மார்லின் 336 என்ற லீவர் துவக்கு. எண்பதுகளிலிருந்து வந்த மார்லின்களில் சுத்தியலைத் தடுக்கும் குறுக்குப் பொத்தான் உண்டு. அது நல்லதுதான். ஆனால் பொத்தான் போட்டிருக்கும்போது விசையை இழுத்தால் சுத்தியல் விழுந்து 'டக்' என்று நிற்கும், வெடிக்காது. ரவை பழுது என்று எண்ணி அவசரத்தில் துவக்கைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும். எந்தக் காரணத்தால் வெடிக்காவிட்டாலும் ஒரே பழக்கம்தான்: குழல்வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி ஒரு நிமிடமாவது பொறு. பிந்தி வெடிக்கிற ரவையும் உண்டு. லீவரை உடனே திறந்தால் அது முகத்துக்கு முன்னால் வெடிக்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. லீவர் துவக்கு வைத்திருப்பவர் எல்லாவற்றையும்விடக் கவனமாக இருக்க வேண்டியது பொழுதுபட்டபின் ரவை இறக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான். நவம்பர் மாதம், ஹாலிபர்ட்டன் பக்கம், நாள் முழுக்க அசையாமல் இருந்து விரல் மரத்துப்போயிருக்கும். வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும். சூரியன் மறைந்து அரைமணிக்குப் பிறகு துவக்கு உறைக்குள் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம். கூட வந்தவர்கள் ட்ரக்கடியில் நின்று கதைக்கிறார்கள், மனம் சூடான தேத்தண்ணியில் இருக்கிறது. இப்படியான நேரத்தில் வின்செஸ்டரோ மார்லினோ என்ன கேட்கிறது என்றால், குழாயில் உள்ள ஒவ்வொரு ரவையையும் லீவரை அசைத்து அசைத்து, அறைப்பக்கம் அனுப்பித்தான் வெளியே எடுக்க வேண்டும். குழாயில் ஐந்து ரவை இருந்தால் ஐந்து தடவை துவக்கு சுடத் தயாராகிற கட்டத்தை நெருங்குகிறது. ஒவ்வொரு தடவையும் சுத்தியல் பின்னுக்குப் போகிறது. விரல்கள் லீவர் வளையத்துக்குள் இருக்கின்றன, விசை அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அதனால் எங்கள் குழுவில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். ட்ரக்குக்கு வருமுன்பே, தனித்து நின்று, ஒருவர் ஒருவராக இறக்குவது. அப்போது மற்றவர்கள் கதைக்கமாட்டோம். சுட்டுவிரலை நீட்டித் துவக்கின் உடம்போடு ஒட்டி வைத்து, மற்ற மூன்று விரலால் மட்டும் லீவரை அசைப்பது. லீவரைக் கடைசிவரை இறுக்கி மூடுவதில்லை. ரவையைப் போல்ட் பிடிக்கும் அளவுக்கு ஏற்றித் திரும்பத் திறப்பது. விழுகிற ரவைகளை எண்ணுவது. காலையில் போட்ட எண்ணிக்கையோடு அது சரிவர வேண்டும்.

எண்ணிக்கை சரி வந்தாலும் அங்கே நிறுத்தக் கூடாது. பயிற்சியில் ப்ரூவ் என்று ஐந்து படி சொல்லித்தருகிறார்கள்: குழல்வாயைப் பாதுகாப்பான பக்கம் திருப்பு, ரவை முழுவதையும் எடு, அறையைப் பார், ரவை வரும் பாதையைச் சோதி, குழலின் உட்புறத்தைப் பார். லீவர் துவக்கில் நான்காவது படிதான் உயிர். பழைய குழாய் நெளிந்திருந்தாலோ, உள்ளே எண்ணெய் குளிரில் இறுகியிருந்தாலோ ஒரு ரவை பாதிவழியில் சிக்கி நின்றுவிடும். லீவரை அசைத்தால் ஒன்றும் வராது, அறையும் வெறுமையாகத் தெரியும். வீட்டுக்குப் போய்ச் சூட்டில் அது இளகி வெளியே வரும். அதனால் பக்கவாட்டு வாசலை விரலால் அமுக்கி, குழாய்க்குள் ரவைகளைத் தள்ளும் சுருள்வில்லின் நுனியில் இருக்கும் தள்ளுகட்டை வந்து விரலில் முட்டுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இருட்டில் கண்ணைவிட விரலை நம்பலாம்.

ஹென்றி கம்பெனியின் லீவர் துவக்குகளில் முன்னாலுள்ள உள்குழாயை உருவி ரவைகளைக் கொட்டிவிடலாம். மிக நல்ல வசதி. உருவியதோடு முடிந்துவிட்டது என்று மட்டும் எண்ணாதீர்கள். அறையில் ஒன்று, ரவையை அறைக்கு ஏற்றும் தூக்கியில் ஒன்று இன்னும் இருக்கலாம்.

சட்டமும் இந்தக் குழாயைக் கணக்கில் எடுக்கிறது. ஒன்ராறியோவில் அறையில் ரவை இல்லாவிட்டாலும், பொருத்திய மகசீனில் ஒரு ரவை இருந்தால் துவக்கு நிரப்பியதாகத்தான் கொள்ளப்படும். "அறை வெறுமைதானே" என்று சொல்லி வாகனத்துக்குள் வைக்க முடியாது. குழாய் உள்ள துவக்கில் மகசீனைக் கழற்றித் தனியே வைக்கவும் வழியில்லை.

வீட்டு விஷயம். லீவர் துவக்கு இங்கே கட்டுப்பாடு குறைந்த வகையில் சேரும். வெறுமையாக இருக்க வேண்டும், பூட்டுப் போட்டிருக்க வேண்டும் அல்லது பூட்டிய அலுமாரிக்குள் இருக்க வேண்டும். சட்டம் ஒன்றைக் கேட்கிறது, நான் இரண்டையும் செய்கிறேன். லீவரைத் திறந்து, உள்ளால் கம்பிப் பூட்டைக் கோத்து, அதற்குப் பிறகு இரும்பு அலுமாரி. கம்பி குறுக்கே நிற்கும்போது லீவர் மூடாது, அலுமாரியைத் திறந்ததுமே அறை வெறுமையென்று கண்ணுக்குத் தெரியும். ரவைகளை வேறு இடத்தில், வேறு திறப்பில் பூட்டி வைத்திருக்கிறேன்.

உரிம விண்ணப்பத்தில் மனைவியின் கையொப்பத்துக்கும் இடம் உண்டு. அவர் கையெழுத்து வைக்காவிட்டால் அதிகாரிகள் அவருக்கு அறிவிப்பார்கள். சிலருக்கு அது அவமானமாகப் படுகிறது. எனக்கு அது மிகச் சரியான கேள்வி. ஒரே கூரைக்குக் கீழே இருப்பவருக்குப் பயமிருந்தால் அந்த வீட்டில் துவக்கு இருக்கக் கூடாது. என்னுடைய அம்மா வன்னியில் கடைசிவரை இருந்து வந்தவர். அவர் வீட்டில் நிற்கும் நாட்களில் நான் அலுமாரியைத் திறப்பதில்லை, துடைப்பதற்குக்கூட. அவருக்கு முன்னால் வேட்டைக் கதையும் கதைப்பதில்லை. அம்மாவிடம் நான் அனுமதி கேட்டேன். "பிள்ளையள் தொடாமப் பார்த்துக்கொள்" என்று மட்டும் சொன்னார். வருகிற சொந்தங்களுக்கு எடுத்துக் காட்டுவது, கையில் கொடுத்துப் படம் பிடிப்பது, அதை முகநூலில் போடுவது எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. வீட்டில் துவக்கு உண்டு என்று ஊருக்குச் சொல்வது கள்ளனுக்கும் சொல்வதுதான்.

பழைய துவக்கு வாங்குகிறவர்களுக்கு. கனடாவில் பழைய 94கள் நிறையச் சுற்றுகின்றன. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையைக் காத்த பசிபிக் கோஸ்ட் மிலிஷியா ரேஞ்சர்களுக்குக் கொடுத்தவையும், 1967இல் கனடாவின் நூற்றாண்டுக்கு என்று வெளியிட்டவையும் அவற்றுள் அடக்கம். முத்திரையிலும் பளபளப்பிலும் மயங்க முதல், வெறுமை என்று நிரூபித்தபின் மூன்று சோதனை செய்யுங்கள். அரைநிலையில் வைத்து விசையை நன்றாக இழுங்கள், சுத்தியல் அசையக்கூடாது. முழுதாகப் பின்னுக்கு இழுத்துவைத்து, சுத்தியலைப் பெருவிரலால் மெல்ல முன்னுக்குத் தள்ளுங்கள், வழுக்கக்கூடாது. லீவரைச் சற்றுத் தொங்கவிட்டு விசையை இழுங்கள், சுத்தியல் விழக்கூடாது. ஒன்று பிழைத்தாலும் துவக்குத் திருத்துபவர் பார்க்கும்வரை அதில் ரவை ஏற்றக்கூடாது. விற்பவர் உங்கள் உரிம இலக்கத்தைக் கேட்டுப் பதிவாளரிடம் சரிபார்த்து ஒரு குறிப்பிலக்கம் வாங்க வேண்டும். 2022 மே மாதத்திலிருந்து இது கட்டாயம். "அதெல்லாம் தேவையில்லை, காசைத் தாரும்" என்பவரிடம் வாங்காதீர்கள்.

மருமகனுக்கு உரிமம் வரக் கொஞ்ச நாள் இருக்கிறது. அதுவரை ஞாயிறு பின்னேரங்களில் என்னுடைய கண்முன்னால் டம்மி ரவைகளை ஏற்றி இறக்கிப் பழகுகிறான். முதலில் கையுறையில்லாமல், பிறகு கையுறையோடு. அடுத்த கிழமையிலிருந்து விளக்கை அணைத்துவிட்டுச் செய்யச் சொல்லியிருக்கிறேன்.