38-வது வாரத்திலிருந்து

மே 3
செக்கப். கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். வலி எடுத்ததும் அம்மா என்னோடு உள்ளே இருக்கலாமா என்றுதான் முதலில் கேட்டேன். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தபடியே, "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்மா" என்றார் டாக்டர். இரண்டாவதைக் கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மே 4
தூக்கமில்லை.

மே 6
பெரியவள் பிறந்தபோது 14 மணி நேரம் வலி. தண்ணீர் கேட்டேன். ஆபரேஷன் ஆகிவிட்டால் என்ன செய்வது என்று ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்ததோடு சரி. கத்தினால் திட்டு. மல்லாக்கப் படுக்கவைத்து ஒருவர் வயிற்றை அமுக்க, இன்னொருவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கீழே வெட்டித் தையல் போட்டார். குழந்தை நல்லபடியா பிறந்துச்சே, இன்னும் என்ன என்கிறார் அத்தை. அது 2021. சிக்கல் இல்லாதவர்களுக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொடுக்கலாம், வேண்டியவர் துணைக்கு இருக்கட்டும், வயிற்றை அமுக்கக் கூடாது, எல்லோரையும் வழக்கம்போல வெட்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே சொல்லியாயிற்று. மூன்று வருடம். அந்தப் பஞ்சின் வாசனை இன்னும் போகவில்லை.

மே 7
காசு கட்டிய இடத்தை எப்படி விடுவது என்கிறார் அவர். தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகளில் 100 பிரசவத்துக்குக் கிட்டத்தட்ட 64 சிசேரியன் என்ற 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வை எடுத்துக் காட்டினேன். பேசாமல் போய்ப் படுத்துவிட்டார்.

மே 9
அண்ணியின் தோழி போனில் பேசினார், ஜி.எச்.சில் டாக்டர். மிரட்டினால்தான் முக்குவார்கள் என்று சீனியர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்களாம். "ஒரு நைட்ல அத்தனை பேர், ஏதாவது ஆச்சுன்னா பழி எங்க மேல. பயம்தான் கோபமா வருது." அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறைகளைச் சீராக்கும் லக்ஷ்யா திட்டம் வந்து, துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடச் சொன்னபோது அவருக்கே பிடிக்கவில்லையாம். இப்போது அம்மாக்கள் இடுப்பைத் தேய்த்துவிடுகிறார்கள், அவர் சத்தம் போடுவதே குறைந்துவிட்டது என்றார். கோபத்தோடுதான் போனை எடுத்தேன், வைக்கும்போது அழுதுகொண்டிருந்தேன்.

மே 11
இரவு 2 மணிக்கு வலி. அம்மா சீரகக் கஷாயம் கொடுத்தார், அடங்கிவிட்டது. சூட்டு வலிதானாம். ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தேன்.

மே 13
இரண்டாவது கேள்வியைக் கேட்டுவிட்டேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "போன தடவை தண்ணி குடுக்கலையா?" இல்லை என்றேன். கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதினார். வீட்டுக்கு வந்து மூன்று பேரும் படித்துப் பார்த்தோம், கையெழுத்து புரியவில்லை.

மே 14
காலையிலிருந்து வலி. இரண்டு முறை கஷாயம் குடித்தும் அடங்கவில்லை, பத்து நிமிடத்துக்கு ஒன்று. அவர் ஆட்டோ கூப்பிடப் போயிருக்கிறார். அம்மா பாட்டிலை நிரப்பி