பூமராங்: வெள்ளை முன்விளிம்பு ஒருவழியாக வசப்பட்டது

இரண்டாம் உலகப் போர்க்கால ஆஸ்திரேலியப் போர் விமானமான பூமராங்கின் 1/72 அளவு மாதிரியைச் செய்துவருகிறேன். அதன் இறக்கை முன்விளிம்பில், வெள்ளையும் பச்சையும் சந்திக்கும் கோடு ஒருவழியாகப் பிசிறின்றி அமைந்துவிட்டது. 1943-இன் பிற்பகுதியில், ஜப்பானிய விமானமென்று எண்ணித் தம்மவரே சுட்டுவிடாதிருக்க, நியூகினிப் பகுதியில் பறந்த நேச நாட்டு ஒற்றை எஞ்சின் போர் விமானங்களின் வாலுக்கும் முன்விளிம்புக்கும் வெள்ளை பூசினார்கள். பச்சையின் மேல் வெள்ளை அடித்தால் பூச்சு தடித்துக் கரைகட்டும் என்பதால், வெள்ளையை முதலில் அடித்து, டேப்பால் மூடிவிட்டுப் பிறகு பச்சைக்குப் போனேன்.

தொல்லை கொடுத்தது, இறக்கையின் நடுப்பகுதி முடிந்து வெளிப்பகுதி பின்சாயத் தொடங்கும் வளைவு. 1942-இல் ஆஸ்திரேலியாவிடம் போதிய போர் விமானங்கள் இல்லாததால், லாரன்ஸ் வாக்கெட் நடத்திய விமானத் தொழிற்சாலையில் ஃபிரெட் டேவிட் என்ற அகதிப் பொறியாளர் விர்ரவே பயிற்சி விமானத்தின் பாகங்களைக் கொண்டே புதியதொன்றை வடிவமைத்தார். அது பிப்ரவரியில் ஆணை பெற்று மே 29-இலேயே பறந்தது. அந்த அவசரத்தின் சொத்தான வளைவில், அகல டேப் எத்தனை அழுத்தினாலும் சுருங்கித் தூக்கிக்கொள்கிறது. ஒரு மில்லிமீட்டர் கீற்றுகளாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி ஒட்டி, பச்சைக்கு முன்னர் டேப்பின் ஓரத்தில் மறுபடியும் மெல்லிய வெள்ளை ஊதினேன். கசிவது வெள்ளையாகவே கசிந்து இடுக்கை அடைத்துவிடுகிறது. துப்பாக்கிக் குழல்களை முன்பே ஒட்டுபவர்களின் பொறுமையை வணங்குகிறேன். நானோ துளை மட்டும் போட்டுவைத்து, 20 மி.மீ. பீரங்கிகளுக்கு ஊசிக் குழாயை நறுக்கிக் கடைசியில் செருகப் போகிறேன்.

பின்னுடல் மரத்தகடு போர்த்தியது என்பதால் உலோகத் தகட்டின் ஆணி வரிசையைப் பதிக்கும் ரிவெட் உருளைக்கு அங்கே வேலையில்லை. விமானக் குறியீடுகளை ஒட்டும் டிகால் தாள்தான் மஞ்சளித்து வந்திருக்கிறது; விற்ற கடைக்காரர் பழைய சரக்கு என்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மஞ்சள் வெளுக்கட்டும் என்று ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

எதிரி விமானம் ஒன்றைக்கூட வீழ்த்தியதாகக் கணக்கில்லாத இந்த 250 விமானங்களை இகழ்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. உயரத்தில் திணறினாலும், ஆஸ்திரேலிய விமானப்படையின் 4, 5 ஆகிய ஸ்குவாட்ரன்களில் காட்டுக்கு மேலே தாழப் பறந்து தரைப்படைக்கு உதவியதும், பூகன்வில் தீவில் நியூசிலாந்தின் கோர்ஸேர் போர் விமானங்களுக்கு இலக்கைக் காட்டியதும் இவைதாம். ஆயினும், 1942 டிசம்பர் 26 அன்று நியூகினியின் கோனா அருகே ஆர்ச்சர் என்ற விமானி ஜப்பானியப் போர் விமானமொன்றை வீழ்த்தியது விர்ரவேயில் இருந்துகொண்டு என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. விர்ரவேயின் மாதிரிப் பெட்டியையும் வாங்கிவிட்டேன். பூமராங்கின் சக்கரங்களும் விதானமும் இன்னும் பாக்கி என்றாலும், விர்ரவேயின் காக்பிட்டுக்கு பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்தாகிவிட்டது.