ஐந்து லிட்டர் கேனுக்கு ஒரு லேபிள்

மதுரையை அடுத்த கப்பலூர் தொழிற்பேட்டையில், எஞ்சின் பாகங்களில் படியும் கிரீஸையும் கரியையும் நீக்கும் காரக் கரைசல் தயாரிக்கும் சிறு தொழிற்கூடம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டைக் கவனித்து வருகிறேன். பட்டறைகளுக்கும் லாரி செட்டுகளுக்கும் பல ஆண்டுகளாக நாங்கள் விற்றுவந்த அந்தச் சரக்குக்கு ஜெர்மனியிலிருந்து ஓர் இறக்குமதியாளர் ஆர்டர் கொடுத்தபோது, விலையோ தரமோ அல்ல, கேனின் மேல் ஒட்டும் லேபிள்தான் எங்களை நான்கு மாதம் நிறுத்திவைத்தது.

எங்கள் பழைய லேபிளில் மண்டையோடும் குறுக்கெலும்புகளும் இருந்தன. யார் சொல்லி அதைப் போட்டார்கள் என்று விசாரித்தபோது, அச்சகத்தில் டிசைன் செய்த தம்பி, ஆசிட் மாதிரியான சரக்கு என்று கேள்விப்பட்டுத் தானாகவே போட்டுவிட்டதாகத் தெரிந்தது. அந்தப் படத்துக்கு வரையறுக்கப்பட்ட பொருள் உண்டு: சிறிய அளவு உடலுக்குள் போனாலே உயிருக்கு ஆபத்தாகும் கடும் நச்சுகளுக்கு மட்டுமே அது உரியது. எங்கள் கரைசல் அரிக்கும் பொருள். அதற்குரிய படத்தில் இரண்டு சோதனைக் குழாய்களிலிருந்து சொட்டும் திரவம் ஒரு பக்கம் உலோகத்தையும் மறுபக்கம் கையையும் அரித்துக்கொண்டிருக்கும்.

1992ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் நடந்த புவி உச்சி மாநாட்டில், இரசாயனங்களை வகைப்படுத்தவும் லேபிள் ஒட்டவும் உலகெங்கும் ஒரே முறை வேண்டும் என்று முடிவானது. அதன்படி உருவான ஜி.எச்.எஸ். (உலகளவில் ஒத்திசைக்கப்பட்ட முறை) நூலை ஐ.நா. 2003இல் வெளியிட்டது, ஒன்பது படங்கள், 'அபாயம்', 'எச்சரிக்கை' என்ற இரண்டே சமிக்ஞைச் சொற்கள், எண்ணிட்ட ஆபத்து வாக்கியங்கள் எல்லாம் அதில் உள்ளவை. ஐரோப்பிய ஒன்றியம் அதை 1272/2008 என்ற எண்ணுள்ள சட்டமாக்கி, கலவைகளுக்கு 2015 ஜூன் 1 முதல் கட்டாயமாக்கியது. ஒன்றியத்துக்குள் பொறுப்பு இறக்குமதியாளருடையதுதான் என்றாலும், கலவைக்குள் என்ன இருக்கிறது என்பது எங்களுக்குத்தானே தெரியும். ஆகவே வேலை என் மேசைக்கு வந்தது.

முதல் தடங்கல் எங்களுக்கு மூலப்பொருள் தருபவர்களிடம் இருந்தது. நுரைப்பான் விற்றவர் அனுப்பிய பாதுகாப்புத் தரவுத் தாளில் 'ஆர் 41' என்று எழுதியிருந்தது. அது ஐரோப்பாவிலேயே எப்போதோ கைவிடப்பட்ட பழைய குறியீட்டு முறை. பதினாறு பிரிவுகள் கொண்ட புதிய தாளைப் பெற மூன்று வாரமும் ஏழெட்டுத் தொலைபேசி அழைப்புகளும் ஆயின.

அதன் பிறகுதான் உண்மையான வகைப்படுத்தல் தொடங்கியது. ஒரு பொருளின் பெயரைப் பார்த்து அது ஆபத்தா இல்லையா என்று சொல்லிவிட முடியாது. கலவையில் அது எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதே கணக்கு. காஸ்டிக் சோடாவுக்கு ஐரோப்பியப் பட்டியல் தனி வரம்புகளை வைத்திருக்கிறது: 5 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் தோலை அரிப்பவற்றில் மிகக் கடுமையான 1ஏ, 2 முதல் 5 வரை 1பி, 0.5 முதல் 2 வரை எரிச்சலூட்டுவது மட்டும். எங்கள் கரைசலில் 6 சதவீதம் இருந்தது.

இதைக் கேட்ட முதலாளி, "அப்படியென்றால் நாலு சதவீதமாகக் குறைத்துவிடுங்கள் சார்" என்றார். நாலாகக் குறைத்தாலும் அதே படமும் அதே 'அபாயம்' என்ற சொல்லும் தோலைக் கடுமையாகப் புண்ணாக்கும், கண்ணைப் பாதிக்கும் என்ற அதே எச் 314 வாக்கியமும்தான் வரும், சரக்குதான் கிரீஸை எடுக்காது என்றேன். ஒன்றரைக்குக் கொண்டுபோனால் என்ன என்று கேட்டார். அங்கே இன்னொரு விதி வழியை மறித்தது: கலவையின் பி.எச். 11.5 அல்லது அதற்கு மேல் இருந்தால், வேறு சோதனைகளால் மறுத்துக் காட்டும்வரை அது அரிக்கும் பொருளாகவே கொள்ளப்படும். ஒரு சதவீதக் காஸ்டிக் கரைசலே 13ஐத் தாண்டிவிடும். லேபிளுக்காகச் சரக்கை நீர்க்க வைக்கும் பேச்சு அத்துடன் நின்றது.

நான் தயாரித்த முதல் வரைவில் பயத்தால் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டிருந்தேன். கண் எரிச்சலுக்காக ஆச்சரியக்குறிப் படம், கண் பாதிப்புக்காகத் தனி வாக்கியம், பன்னிரண்டு முன்னெச்சரிக்கைகள். இறக்குமதியாளரிடமிருந்து திரும்பி வந்த வரைவில் பாதி அடிக்கப்பட்டிருந்தது. அரிப்புப் படம் இருக்கும்போது தோல், கண் எரிச்சலுக்கான ஆச்சரியக்குறி இருக்கக் கூடாது. எச் 314 வாக்கியத்திலேயே கண் பாதிப்பு அடங்கியிருக்கிறது. முன்னெச்சரிக்கைகள் பொதுவாக ஆறுக்கு மேல் போகக் கூடாது. நான் விட்டுவிட்ட ஒன்றும் இருந்தது: எச் 290, அதாவது உலோகங்களை அரிக்கக்கூடும் என்பது. எஃகிலோ அலுமினியத்திலோ ஆண்டுக்கு 6.25 மில்லிமீட்டருக்கு மேல் அரித்தால் அந்த வகை. எஃகு டிரம்மில் வைத்து ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்திருந்த எனக்கு, காஸ்டிக் பட்ட அலுமினியச் சட்டி என்ன கதியாகும் என்பது தெரியாததல்ல; அதைக் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வாக்கியங்களை நாமாக மொழிபெயர்க்கக் கூடாது, சட்டத்தின் இணைப்பில் உள்ள ஜெர்மன் வாசகத்தையே எழுத்துப் பிசகாமல் எடுத்தாள வேண்டும் என்பது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. ஐந்து லிட்டர் கேனுக்கு லேபிள் குறைந்தது 74க்கு 105 மில்லிமீட்டர், படம் 23க்கு 23. சிவகாசியில் அச்சிடக் கொடுத்தபோது, படத்தின் சிவப்புக் கரையைக் கறுப்பில் அடித்தால் ஒரு நிறத்தின் செலவு மிச்சம் என்றார்கள். கரை சிவப்பாகவே இருக்க வேண்டும் என்பதால் அந்த மிச்சத்தை விட்டுவிட்டோம். கேன்களை அடுக்கும் அட்டைப்பெட்டிக்கு வேறு அடையாளம்: மேற்பாதி வெள்ளையும் கீழ்ப்பாதி கறுப்புமான, 8 என்ற எண் போட்ட போக்குவரத்துக் குறி. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்பும் முகவர் அதை முன்கூட்டியே கேட்டு வாங்கியது நல்லதாயிற்று.

லேபிள் சுருள் வந்த அன்று, பேக்கிங்கில் இருக்கும் அக்கா ஒருவர் அந்தப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "கையில பட்டா ஓட்டை போட்டுரும்னு போட்டிருக்கு. இது வெளிநாட்டுக்கு மட்டுந்தானா சார்?" என்று கேட்டார். ஜெர்மன் எழுத்து ஒன்றும் அவருக்குத் தெரியாது. நம் நாட்டிலும் போபால் விபத்துக்குப் பின் வந்த 1989ஆம் ஆண்டு அபாயகர இரசாயன விதிகள், கொள்கலனின் மேல் உள்ளே இருப்பது என்ன, தயாரித்தவர் யார், அதன் தன்மைகள் என்ன என்று குறிக்கச் சொல்கின்றன. எங்கள் கூடத்திலோ காஸ்டிக் கரைசலைப் பழைய குடிநீர் பாட்டிலில் ஊற்றி மேசையில் வைக்கும் பழக்கம் அதுவரை இருந்தது.

மீந்த சிவப்புக் கரைப் படங்களை வெட்டி, கீழே 'அபாயம்: தோலையும் கண்ணையும் கடுமையாகப் புண்ணாக்கும்' என்று தமிழில் அச்சிட்டு, உள்ளே புழங்கும் டிரம்களிலும் ஊற்றும் ஜக்குகளிலும் ஒட்டியிருக்கிறோம். குடிநீர் பாட்டில்கள் போய்விட்டன. இப்போது என் மேசையில் இருப்பது ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற வெளுப்பான்) கரைசலின் கோப்பு. 5 சதவீதத்துக்கு மேல் என்றால், அமிலத்தோடு சேரும்போது நச்சு வாயு வெளிப்படும் என்ற தனி வாக்கியம் அதற்கு வேண்டும். எங்கள் கிடங்கில் ஹைப்போ டிரம்களும் ஆசிட் கேன்களும் ஒரே சுவரை ஒட்டித்தான் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்து வைக்க இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.