சீப்பு என்கிற ஸ்பைனோசாரஸ்

எழும்பூரில் கிளம்பிய ரயில் மாம்பலத்தைத் தாண்டுவதற்குள் மகன் தன் பையைக் கவிழ்த்துப் போட்டு "அய்யோ" என்று அலறினான். பணமோ கைபேசியோ தொலைந்துவிட்டதாக்கும் என்று பதறினேன். ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசர் பொம்மையை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டானாம். திருச்சி போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆகும். அதுவரை பையில் இருக்கும் இன்னொரு டைனோசர், டி ரெக்ஸ், யாரோடு சண்டை போடும்?

மூன்றாம் வகுப்பு படிக்கிறான். வாய்ப்பாட்டில் ஏழெட்டு என்றதும் தண்ணீர் தாகம் வந்துவிடும். ஆனால் கார்கரோடோன்டோசாரஸ் என்று ஒரே மூச்சில் சொல்லுவான். நான் திருப்பிச் சொல்ல முயன்றால் பாதியிலேயே, "விடுங்கப்பா, உங்களுக்கு வராது" என்று பெரிய மனசோடு மன்னித்துவிடுவான்.

பிரச்சினையை என் மனைவிதான் தீர்த்தார். கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, பல் மேலே இருக்கும்படி இருக்கையில் நிறுத்தினார். "இந்தா, முதுகுத் துடுப்போட ஸ்பைனோசாரஸ்." மகன் சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நிஜத் துடுப்பில் நீளமான எலும்பு 1.65 மீட்டர், அம்மாவே அவ்வளவு உயரம் இல்லை என்று ஒரு குறையைப் பதிவு செய்துவிட்டு ஏற்றுக்கொண்டான். சண்டைக்கு மூன்றாவது டைனோசரான ஜைகனோடோசாரஸ் அவனிடம் எப்போதுமே கிடையாது. அதற்குப் புளிசாதம் இருந்த எவர்சில்வர் டப்பா நியமிக்கப்பட்டது. மூன்றில் உண்மையான பொம்மை டி ரெக்ஸ் மட்டும்தான். அதையும் செய்தவர்கள் கையில் மூன்று விரல் வைத்து அனுப்பியிருந்தார்கள். டி ரெக்ஸுக்கு இரண்டு விரல்தான். வாங்கிய அன்றே கத்தரிக்கோலை எடுத்து அறுவை சிகிச்சை நடத்திவிட்டான்.

எதிர் இருக்கையில் ஒரு பெரியவர் செய்தித்தாளோடு இருந்தார். அவர் பக்கத்தில் காதில் கருவி மாட்டிய கல்லூரிப் பையன். சீப்பும் ரப்பர் பொம்மையும் இரண்டு தடவை மோதியதும் பையன் காதுக்கருவியைக் கழற்றினான்.

"தம்பி, ஸ்பைனோதான் கெத்து. 2001-ல வந்த படத்துல டி ரெக்ஸ் கழுத்தையே திருகிப் போட்டுரும். பார்த்ததில்ல?"

மகன் முகம் சிவந்துவிட்டது. அவன் டி ரெக்ஸ் கட்சி. படத்தில் காட்டுவதெல்லாம் சாட்சியம் ஆகாது என்பது அவன் நிலைப்பாடு. பெரியவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"சண்டை கிடக்கட்டும். இதுல எது பெருசு?"

இதை மட்டும் கேட்டிருக்கக் கூடாது.

"நீளத்துல ஸ்பைனோ, தாத்தா. 14 மீட்டர். வெயிட்ல டி ரெக்ஸ். கனடாவுல ஸ்காட்டின்னு ஒண்ணு கிடைச்சிருக்கு, 8,870 கிலோ இருக்கும்னு கணக்குப் போட்டிருக்காங்க." வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் நடைபாதையில் இறங்கிவிட்டான். சிகாகோ அருங்காட்சியகத்தில் நிற்கும் சூ என்ற டி ரெக்ஸின் நீளம் 12.3 மீட்டர். அதை அளந்தே காட்டவேண்டுமாம். என் ஓர் எட்டு முக்கால் மீட்டர் என்று வைத்து, பதினாறரை எட்டு என்னை நடக்கவைத்தான். பெட்டியின் கோடியில் இருந்த எங்கள் இருக்கையில் மூக்கை வைத்தால் வால் நடுப்பெட்டியைத் தாண்டிப் போய் முடிந்தது. அந்த இடத்தில் ஒரு குடும்பம் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் ஏன் எண்ணிக்கொண்டே வந்து அவர்கள் முன்னால் நின்றேன் என்பதை இன்றுவரை அவர்களுக்கு விளக்கவில்லை.

சரியாக அந்த நேரத்தில் டிடிஆர் வந்தார். மகன் நடைபாதையில் கையை அகல விரித்து மறித்தான்.

"சார், வாலை மிதிச்சிராதீங்க."

அவர் கீழே பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் வலது காலை நன்றாகத் தூக்கி, இல்லாத வாலைத் தாண்டிக்கொண்டு போய் அடுத்த ஆளிடம் டிக்கெட் கேட்டார். அவர் வீட்டிலும் ஒன்று இருக்கும்போல.

செங்கல்பட்டில் வடை ஏறியது. வடையைக் கடித்த கையோடு விவாதம் பல்லுக்கு வந்தது. டி ரெக்ஸின் பின்பல் ஒன்றின் கடி 35,000 நியூட்டனுக்கும் மேல் என்று கணினியில் மாதிரி செய்து கணக்கிட்டிருக்கிறார்கள். நியூட்டன் என்றால் பெரியவருக்குப் பிடிபடவில்லை. நான் கைபேசியில் வகுத்துப் பார்த்து, "பழைய மாருதி 800 இருக்குல்ல சார், அதுல அஞ்சை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஒரே பல்லு மேல வச்ச மாதிரி" என்றேன். அந்த ரயிலில் என் மகன் என்னை மரியாதையோடு பார்த்த ஒரே தருணம் அதுதான்.

ஜைகனோடோசாரஸின் பல் வேறு ரகம். மெல்லிசாக, ஓரத்தில் ரம்பம் போல, சதையைச் சீவி எடுப்பதற்கு ஏற்றது. என் மனைவி இதைச் சுருக்கமாக முடித்தார்: "அது அரிவாள்மனை, இது பாக்குவெட்டி." நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. டி ரெக்ஸ் எலும்பையே நொறுக்கித் தின்னும் என்பதற்கு ஆதாரம் உண்டு என்று மகன் ஆரம்பித்தபோது, அது என்ன ஆதாரம் என்று எனக்குத் தெரியும் என்பதால் கண்ஜாடை காட்டினேன். அவன் கண்டுகொள்ளவில்லை. கனடாவில் கிடைத்த, கல்லாகிப்போன 44 சென்டிமீட்டர் நீளச் சாணம். உள்ளே முழுக்க எலும்புத் துணுக்கு. கல்லூரிப் பையன் கையிலிருந்த பாதி வடையைக் காகிதத்தில் மடித்து ஓரமாக வைத்தான்.

இதற்குள் மனைவி புளிசாத டப்பாவின் பக்கம் சாய்ந்திருந்தார். காரணம் வீரம் இல்லை, குடும்பப் பாசம். 1993-ல் அர்ஜென்டினாவின் பொட்டல்காட்டில் வண்டியோட்டிக்கொண்டு சுற்றிய ரூபன் கரோலினி என்பவர் கண்ணில்தான் அதன் கால் எலும்பு பட்டது. மனிதர் கார் மெக்கானிக். எலும்பு தேடுவது பொழுதுபோக்கு. 1995-ல் விஞ்ஞானிகள் அவர் பெயரையே வைத்து ஜைகனோடோசாரஸ் கரோலினியை என்று அழைத்தார்கள். என் மாமனார் திருச்சியில் முப்பது வருடமாக ஸ்கூட்டர் மெக்கானிக். "பாருங்க, மெக்கானிக் பேரை டைனோசருக்கு வைக்கிறாங்க. நீங்க எங்கப்பா பேரை மகனுக்கு வைக்கச் சம்மதிச்சீங்களா?" எட்டு வருடத்துக்கு முந்தைய வழக்கு விழுப்புரத்துக்கு அருகில் மறுபடி விசாரணைக்கு வந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

பேச்சை மாற்றவாவது ஓர் உண்மையைச் சொல்லலாம் என்று துணிந்தேன். இந்தச் சண்டை நடக்கவே வாய்ப்பில்லை. ஸ்பைனோசாரஸ் வட ஆப்பிரிக்கா, ஜைகனோடோசாரஸ் தென் அமெரிக்கா. இரண்டும் ஒன்பதரைக் கோடி வருடத்துக்கு முன்னால் வாழ்ந்தவை. டி ரெக்ஸ் வட அமெரிக்கா. அது வந்தபோது இவை போய் இரண்டரைக் கோடி வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இவற்றைவிடப் பழைய டைனோசரான அலோசாரஸை இழுத்தால் இன்னும் மோசம். அதற்கும் டி ரெக்ஸுக்கும் நடுவில் உள்ள காலம், டி ரெக்ஸுக்கும் இந்த வடைக்கும் நடுவில் உள்ள காலத்தைவிட அதிகம்.

மூவரும் என்னைப் பார்த்த பார்வை, கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும்போது டிவியை அணைத்தவனைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"அது தெரியும்பா," என்றான் மகன். "சண்டை போட்டா யாரு ஜெயிப்பான்னுதான் கேக்கிறோம்."

கல்லூரிப் பையன் விடவில்லை. தண்ணீருக்குள் சண்டை வைத்தால் ஸ்பைனோதான் ஜெயிக்கும் என்றான். அது சும்மா சொல்வதற்கில்லை. மொராக்கோவில் கிடைத்த அதன் வால் துடுப்பு மாதிரி தட்டையாக இருப்பதை 2020-ல் எழுதினார்கள். அப்படியானால் நீந்தி வேட்டையாடியது என்று ஒரு கூட்டம். இல்லை, கரையோரம் கொக்கு மாதிரி நின்று மீனைக் கொத்தியது என்று இன்னொரு கூட்டம். டாக்டர் பட்டம் வாங்கியவர்களே அடித்துக்கொள்ளும்போது எங்கள் பெட்டியில் தீர்ப்பு வராததில் வியப்பில்லை.

"நல்ல முழு எலும்புக்கூடு இருந்தா பார்த்துச் சொல்லிர மாட்டாங்களா?" என்றார் பெரியவர்.

அங்கேதான் கதை கொஞ்சம் சோகம். எகிப்தில் கிடைத்த முதல் எலும்புகளை வைத்து ஸ்பைனோசாரஸுக்குப் பெயர் வைத்தவர் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் என்ற ஜெர்மானியர், 1915-ல். எலும்புகள் மியூனிக் அருங்காட்சியகத்தில் இருந்தன. உலகப்போர் வந்தபோது இவற்றைப் பத்திரமான இடத்துக்கு மாற்றுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். நிர்வாகம் கேட்கவில்லை. 1944 ஏப்ரலில் பிரிட்டிஷ் விமானங்கள் போட்ட குண்டில் எல்லாம் போயிற்று. மிஞ்சியது அவர் வரைந்த படங்களும் எழுத்தும் சில புகைப்படங்களும்தான். மகனுக்கு இது முன்பே தெரியும். இருந்தாலும் சீப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

விருத்தாசலம் தாண்டியதும் பெரியவர் மேலே இருந்த பையை இறக்கினார். அடுத்தது அவர் ஊர், அரியலூர். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம்.

"தம்பி, எங்க ஊரு ஒரு காலத்துல கடலு. நீங்க வீடு கட்டுற சிமெண்டு இருக்கே, அது அந்தக் கடல்ல படிஞ்ச சுண்ணாம்புதான். ஆட்டுக்கடா கொம்பு மாதிரி சுருண்ட கல்லெல்லாம் நாங்க சின்னப் பிள்ளையில பொறுக்கி விளையாடியிருக்கோம். 2020-ல குன்னத்துல டைனோசர் முட்டை கிடைச்சிருக்குன்னு ஊரே கூடிப்போச்சு. வந்து பார்த்தவங்க, முட்டையுமில்ல ஒண்ணுமில்ல, இதே அம்மோனைட்டுக் கல்லுதான், பழைய கடல் உயிரோட ஓடு கல்லாப் போனதுன்னுட்டாங்க."

மகன் கொஞ்சம் ஏமாந்தான். பெரியவர் அதற்காகவே காத்திருந்த மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா நிஜ டைனோசரும் உண்டு. கல்லமேட்டுல எடுத்தாங்க. 1987-ல பேரு வச்சாங்க, புருகத்காயோசாரஸ். மொதல்ல அதைக் கறி தின்கிற இனம்னுதான் எழுதினாங்க."

பெட்டியே அமைதியானது. மகன் மெல்ல எழுந்து நின்றான். "எவ்ளோ பெருசு தாத்தா?"

"முழங்காலுக்குக் கீழ இருக்கிற எலும்பு மட்டும் 2 மீட்டர்."

அவன் என்னைப் பார்த்தான். டி ரெக்ஸும் ஸ்பைனோவும் டப்பாவும் கூட்டணி வைத்தாலும் தாங்காது. அரியலூர் ஜெயித்துவிட்டது. அரை நிமிடம்.

"அப்புறம் ஆராய்ஞ்சவங்க, இது கறி தின்கிறது இல்ல, தழை தின்கிற நீளக் கழுத்து இனம்னு மாத்திட்டாங்க."

"சைவமா?" என்றான் மகன். அந்த ஒற்றைச் சொல்லில் இருந்த துயரத்தை என்னால் எழுத முடியாது.

"சுத்த சைவம்."

"அதைப் பார்க்கணும்னா எங்க போகணும் தாத்தா?"

"இல்லடா ராசா. எடுக்கிறப்பவே நொறுங்கிப்போற எலும்பு. மழையும் சேர்ந்து பொடியாப் போச்சு. படம்தான் இருக்கு."

"ஸ்பைனோசாரஸ் மாதிரியே," என்றான். மியூனிக்கில் குண்டு, அரியலூரில் மழை. பெரியவர் அவன் தலையைத் தடவிவிட்டு இறங்கினார். நடைமேடையில் நின்று ஜன்னல் வழியாக, "குஜராத்துல ராஜாசாரஸ்னு ஒண்ணு இருக்கு, அது அசைவம்தான், கவலைப்படாதே" என்று ஆறுதல் சொன்னார். ரயில் நகர்ந்துவிட்டது.

லால்குடி வரை மகன் பேசவில்லை. ஸ்ரீரங்கம் நெருங்கும்போது மனைவி கை நீட்டினார். "அந்த ஸ்பைனோசாரஸைக் குடு, தலை வாரணும்." கல்லூரிப் பையன் அப்போதுதான் மறுபடி சிரித்தான்.

மறுநாள் ஞாயிறு. மாமியார் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு. மகன் கோழியின் நெஞ்சில் இருந்த கவட்டை எலும்பைத் தனியாக எடுத்து விளக்கில் காட்டிப் பார்த்தான்.

"அம்மாச்சி, டி ரெக்ஸுக்கும் இதே எலும்பு உண்டு. கோழியும் அதுவும் சொந்தக்காரங்க."

"அப்படியா சாமி? எவ்வளவு பெருசு அது?"

"எட்டு டன்னுக்கு மேல."

மாமியார் கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டுச் சற்று யோசித்தார்.

"அதுக்கு எம்புட்டு மிளகு அரைக்கிறது?"