பெரியம்மா வீட்டுப் பொடக்காலி பல்பு

சென்னிமலையில் என் பெரியம்மா, மாவாட்டும்போது காலுக்கடியில் மணைப்பலகை ஒன்றைப் போட்டுக்கொள்வார். போன மாதம் போயிருந்தபோதுதான் அதைக் கவனித்தேன். எதற்கு என்று கேட்டேன்.

“கிரைண்டரத் தொட்டா சுருக்குங்குது கண்ணு. பொழுதோட ஆட்டறப்ப மட்டுந்தான். பலகை மேல நின்னா ஒண்ணும் பண்ணாது.”

ரெண்டு வருடமாக இப்படித்தானாம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஈரோட்டில் பத்தொன்பது வருடமாக வீட்டு வயரிங் வேலை செய்கிறேன்.

இந்த மாதிரி ஷாக்கைத் தடுக்க விதிகள் இல்லாமல் இல்லை. தேசிய மின் விதித்தொகுப்பு 1985-ல் வந்தது. 2011-லும் 2023-லும் அதைத் திருத்தினார்கள். அதே 2023-ல் மத்திய மின்சார ஆணையமும் பாதுகாப்பு விதிமுறைகளைப் புதிதாக வெளியிட்டது. தமிழ்நாட்டில் இப்போது புது சர்வீஸ் வாங்கும் வீட்டுக்கு ஆர்சிடி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே வெட்டும் கருவி, கட்டாயம். நாங்கள் ஆர்சிசிபி என்போம். நல்ல விதி, மனதார வரவேற்கிறேன். ஆனால் பெரியப்பா இந்த வீட்டைக் கட்டியது 1986-ல். இதை யார் வந்து பார்ப்பார்கள்?

எம்சிபி (அளவுக்கு மீறி கரண்ட் போனால் தானே விழும் சுவிட்ச்) இருக்கிறதே, போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. எம்சிபி வயரைத்தான் காப்பாற்றும். ஆளைக் கொல்ல 100 மில்லி ஆம்பியர் போதும், 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. ஆர்சிசிபி, பேஸ் வயரில் போன கரண்ட் முழுக்க, திரும்பும் வயரான நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் போனாலே வெட்டிவிடும்.

சரி என்று அடுத்த ஞாயிறே ஒன்றைக் கொண்டுபோய் மாட்டினேன். பகல் முழுக்க நன்றாக இருந்தது. பொழுது சாய்ந்து பொடக்காலி (வீட்டுப் பின்புறம்) லைட்டைப் போட்டதும் வீடே இருண்டது. ஆர்சிசிபி விழுந்திருந்தது. மறுபடி தூக்கினேன், மறுபடி விழுந்தது. இந்த இடத்தில்தான் பல வீடுகளில் ‘இது தொல்லைங்க’ என்று சொல்லி ஆர்சிசிபியைத் தாண்டி நேராக வயரைக் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது விழுகிறது என்றால் எங்கோ கரண்ட் வழி தவறிப் போகிறது.

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பொடக்காலி சுவிட்ச் போர்டைக் கழற்றினேன். உள்ளே பல்புக்குப் போகும் நியூட்ரல் எலி கடித்து அறுந்து கிடந்தது. அதைச் சரிசெய்ய வந்த யாரோ, புது வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, பச்சை எர்த் வயரிலேயே பல்பை முடிச்சுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அது 40 வாட் குண்டு பல்பு. முழுதாக எரிந்தால் ஏறக்குறைய 170 மில்லி ஆம்பியர் எடுக்கும். அந்தக் கரண்ட் எர்த் வழியாகத்தான் இத்தனை நாளும் திரும்பியிருக்கிறது.

எர்த் குழியோ காய்ந்து கிடந்தது. துணி துவைக்கும் கல்லை இடம் மாற்றியதிலிருந்து அங்கே தண்ணீர் விழுவதில்லை. எர்த்துக்காகப் புதைத்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் மண்ணுக்குக் கீழே துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. கரண்ட் பூமிக்குள் சரியாக இறங்க முடியாவிட்டால் எர்த் வயரில் வோல்டேஜ் ஏறி நிற்கும். அந்த வயர் கிரைண்டர் பாடியில்தானே முடிகிறது! பல்பு எரியும்போது மட்டும் ஷாக் அடித்தது அதனால்தான். வெயில் காலத்தில் பொடக்காலி பல்பு மங்கலாக எரியும் என்று பெரியம்மா அப்புறம் சொன்னார். வீட்டைக் காப்பாற்ற வேண்டிய எர்த் வயரே ஷாக்கைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்திருக்கிறது. ஈரக் கையோடு, பலகை இல்லாமல் ஒருநாள் நின்றிருந்தால் என்று நினைக்கவே முடியவில்லை.

பல்புக்குப் புது நியூட்ரல் இழுத்தேன். பொடக்காலி மண் முழுக்க சரளை, கடப்பாரை போட்டும் குழி தோண்ட ஒரு நாள் ஆனது. இரண்டரை மீட்டர் ஜிஐ பைப்பை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினேன். துவைக்கும் கல் தண்ணீரை மறுபடி அந்தப் பக்கமே திருப்பிவிட்டேன். இப்போது பல்பும் கிரைண்டரும் சேர்ந்து ஓடினாலும் ஆர்சிசிபி விழுவதில்லை. மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கவும் பெரியம்மாவுக்குப் பழக்கிவிட்டேன்.

கிளம்பும்போது பக்கத்து வீட்டு அக்கா வந்து, தங்கள் வீட்டு வாஷிங்மெஷினும் சுருக்கென்கிறது என்றார். அங்கேயும் அதே ஆள்தான் வேலை செய்தாராம். மெயினை ஆஃப் பண்ணிவிட்டு மெஷினின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வரும் ஞாயிறு மெகரோடு (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) அங்கே போகிறேன்.